எங்கள் வீட்டுச் சைவ நாய்

என் வீட்டுக்காரர் தோட்டத்திலிருந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். கேரியரில் மரவள்ளிக்கிழங்கு மூட்டை. மூட்டைக்குப் பின்னால், கொஞ்சம் தள்ளி, ஒரு நாய்.

நாய் என்று இப்போது சொல்கிறேன். அன்றைக்கு அதைப் பார்த்தபோது தோல் போர்த்திய கூடை ஒன்று நடந்து வருவது போலத்தான் இருந்தது. விலா எலும்புகளை ஒவ்வொன்றாக எண்ணலாம். இடுப்பெலும்புகள் தோலைக் குத்திக்கொண்டு நின்றன. எங்கள் கடைக்கு முன்னால் வந்ததும், இதற்கு மேல் நடக்க முடியாது என்று தீர்மானித்ததுபோல் அப்படியே படுத்துவிட்டது.

"விரட்டிப் பாத்துட்டேன் செல்லம். கல்லெடுத்தாலும் போகல" என்றார் என் வீட்டுக்காரர். கல்லை எடுத்திருப்பாரே தவிர எறிந்திருக்க மாட்டார். அது எனக்குத் தெரியும்.

மரவள்ளிக்கிழங்கில் தோசை சுட்ட கதையைச் சென்ற வாரம் படித்துவிட்டு, "நீங்களே கிழங்கைத் தின்று கிடந்தபோது நாய் எப்படி வளர்த்தீர்கள்?" என்று சுங்கை பட்டாணியில் இருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. அந்தக் காலத்திலேயே எங்கள் தெருவில் பாதிப்பேர் இதைத்தான் கேட்டார்கள். அவர்களுக்கு நான் பதில் சொல்லவில்லை. இவருக்குச் சொல்கிறேன்.

துரை விட்டுப்போன உயிர்

செர்டாங் கடைத்தெருவில் எங்களுக்கு மளிகைக் கடை. ஜப்பான்காரன் வந்த பிறகு மளிகை என்று சொல்லிக்கொள்ள உப்பு, தேங்காயெண்ணெய், கொஞ்சம் பாக்கு, இவைதான் மிச்சம். எண்ணெயைத் தோட்டத்தில் கூலிக்காரர்கள் குடியிருந்த லயத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, பதிலுக்குக் கிழங்கு வாங்கி வருவார் என் வீட்டுக்காரர். அந்தத் தோட்டத்தின் வெள்ளைக்காரத் துரை, சண்டை வந்ததும் பங்களாவைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடிப்போனார். நாயையும் விட்டுவிட்டுத்தான் போனார்.

டின் சாப்பாடும் ரொட்டியும் தின்று வளர்ந்த நாய். பூட்டிய கதவுக்கு முன்னால் மாதக்கணக்கில் காத்துக் கிடந்திருக்கிறது. லயத்து நாய்கள் குப்பையைக் கிளறிப் பிழைத்துக்கொண்டன. இதற்கு அந்த வித்தை தெரியவில்லை.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. அதற்குத் தமிழ் தெரியாது. "உக்காரு" என்றால் முகத்தையே பார்க்கும். "சிட்" என்றால் டக்கென்று உட்காரும். அந்த நாட்களில் தெருவில் நின்று இங்கிலீஷ் பேசினால் கன்னம் வீங்கும். அதனால் நாயின் காதோரம் குனிந்து, ரகசியம் சொல்வதுபோல் "சிட், சிட்" என்பேன். என் வீட்டுக்காரர் அதற்குச் சின்னதுரை என்று பெயர் வைத்தார்.

அதே வாரத்தில்தான் பண்டார் பாருவில் இருந்து ஒரு சேதி வந்தது. அங்கே நாய் சுடுகிற ஆட்கள் லாரியில் வந்தார்களாம். மெலிந்த நாய், சொறி நாய், எல்லாம் நோய் பரப்புகிறது என்று சுட்டுத் தள்ளினார்களாம். கொழுகொழுவென்று, வீட்டில் வளர்கிறது என்று பார்த்தாலே தெரிகிற நாய்களை மட்டும் விட்டுவிட்டார்களாம். மழைக்காலம் முடிந்ததும் செர்டாங்குக்கும் வருவார்கள் என்று பேச்சு.

"இது தப்பாது. பேசாம தோட்டத்துலயே விட்டுட்டு வந்துடவா?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

நான் முடியாது என்றேன். ஏன் அப்படி ஒற்றைக்காலில் நின்றேன் என்பதை யோசித்துப் பார்த்திருக்கிறேன். அந்தக் காலத்தில் எங்கள் கையில் முடிவு என்று எதுவுமே இல்லை. எந்தக் கொடிக்குக் குனிவது, எதைச் சாப்பிடுவது, யார் ஊரில் இருப்பது, யாரைத் தண்டவாளம் போடச் சயாமுக்கு ரயில் ஏற்றுவது, எல்லாம் அவர்கள் இஷ்டம். கடிகாரத்தைக்கூடத் தோக்கியோ நேரத்துக்குத் திருப்பி வைத்திருந்தார்கள். வெளியே கும்மிருட்டாக இருக்கும். விடிந்துவிட்டது என்று நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த ஒரு உயிர் விஷயத்தையாவது நான்தான் முடிவு செய்வேன் என்று எனக்கு ஒரு வெறி பிறந்துவிட்டது. மழை முடிவதற்குள் இதன் எலும்பை மூடிக் காட்டுகிறேன் என்று தீர்மானித்தேன்.

வயிறு வந்தது, சதை வரவில்லை

முதல் நாளே புத்தியில்லாத காரியம் செய்தேன். பட்டினி கிடந்த உயிர்தானே என்று ஒரு சட்டி நிறையக் கிழங்குக் கஞ்சி ஊற்றினேன். மடமடவென்று குடித்தது. அரை மணி நேரத்தில் அவ்வளவையும் கக்கிவிட்டு, கண் செருகிக் கிடந்தது. கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன்.

அதன் பிறகு சிரட்டைதான் அளவு. ஒரு சிரட்டைக் கஞ்சி, கொஞ்ச நேரம் விட்டு இன்னொரு சிரட்டை. நாள் முழுக்க இதே வேலை. கடையில் விற்கத்தான் ஒன்றும் இல்லையே, எனக்கு நேரத்துக்குக் குறைவில்லை.

எங்கள் வீடு சைவம். மீன் வாடை பட்டாலே என் வீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாசல் வழியாகப் போவார். மற்ற எல்லாவற்றிலும் பரம சாது. இதில் மட்டும் அசைக்க முடியாது. நாய்க்குக் கருவாட்டுத் தலையாவது போடலாமா என்று கேட்டேன்.

"நம்ம வீட்டு வாசல்ல கெடக்கிற வரைக்கும் அதுவும் சைவம்தான்" என்று சொல்லிவிட்டார்.

எனக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை. நாங்கள் கறி மீன் தின்றா வளர்ந்தோம்? கிழங்குக் கஞ்சி, கீரைத்தண்டு, தேங்காய்ப் பிண்ணாக்கு, எப்போதாவது மோர் என்று மாற்றி மாற்றிக் கொடுத்தேன். அமாவாசையன்று காக்கைக்கு வைத்த பிறகுதான் அதற்கும் வைப்பேன். அந்த நாய் அவ்வளவு ஆசாரமாக இருந்தது.

ஒரு மாதத்தில் வயிறு வைத்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. கடை உத்தரத்தில் தொங்கிய தாச்சிங் தராசில் சாக்கைக் கட்டி, நாயைத் தூக்கி உள்ளே வைத்தேன். தலை மட்டும் வெளியே தெரியத் தொங்கிக்கொண்டு, என்னைப் பார்த்து வாலை ஆட்ட முடியாமல் சாக்கை ஆட்டியது. வந்தபோது இருபத்து மூன்று கட்டி இருந்தது, இப்போது இருபத்தாறு. கட்டி என்பது அந்தக் கால எடை, அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல். அக்கம்பக்கத்தில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

எதிர்ச்சாரியில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்தவர் காதர் நானா. நாகூர்ப் பக்கம் பூர்வீகம். தெருவில் எல்லோருக்கும் அவர் நானாதான், அண்ணன்தான். நாயைக் கண்டால் கைலியைச் சுருட்டிக்கொண்டு நாலடி விலகி நடப்பார். அவர்கள் மார்க்கத்தில் நாயின் ஈரம் மேலே படக்கூடாது. அன்றைக்கு எங்கள் கடை வாசலுக்கு வந்து, அஞ்சடிக்கு வெளியிலேயே நின்று, நாயை ஏற இறங்கப் பார்த்தார்.

"தங்கச்சி, கோவிச்சுக்காத. அது சதை இல்ல. வயித்துல பூச்சி. மேல இருக்கிற எலும்பைப் பாரு, அப்படியேதான்லா இருக்கு."

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவர் சொன்னது உண்மை. வயிறு மட்டும் பானையாகத் தொங்கியது. முதுகெலும்பு வந்த அன்றைக்குப் போலவே முட்டிக்கொண்டிருந்தது. லயத்துப் பிள்ளைகளில் எத்தனையோ பேர் அதே வயிற்றோடு நிற்பதை நான் தினம் பார்த்தேன். பார்த்தும் எனக்கு இது உறைக்கவில்லை.

ஊரில் ஆட்டுக்குப் பூச்சி விழுந்தால் பாக்குத்தூள் கொடுப்பது வழக்கம் என்றார் நானா. என் வீட்டுக்காரர் வெற்றிலை போடாமல் ஒரு வேளை இருக்க மாட்டார். கடையில் மிச்சம் இருந்த பாக்கு அவருக்கென்று ஒதுக்கியது. மறுபேச்சுப் பேசாமல் அதை எடுத்து அவரே இடித்து, ஒரு சிட்டிகையைக் கஞ்சி உருண்டையில் பொதித்துக் கொடுத்தார். விழுந்த பூச்சியை விவரித்து வாரப் பத்திரிகை வாசகர்களின் காலைக் காப்பியை நான் கெடுக்க விரும்பவில்லை.

பானை வற்றியது. மறுபடியும் தராசில் தொங்கவிட்டோம். இருபத்திரண்டு. வந்தபோது இருந்ததைவிட ஒரு கட்டி குறைவு. மழை தொடங்கிவிட்டிருந்தது. நான் உட்கார்ந்து அழுதேன்.

லொங்காங்குக்கு அந்தப் பக்கம்

"கஞ்சி ஊத்தி வளக்க அது கன்னுக்குட்டி இல்ல தங்கச்சி. அதுக்குக் கறி வேணும்" என்றார் காதர் நானா. என் வீட்டுக்காரர் காதில் விழ வேண்டும் என்றேதான் சொன்னார்.

அவர் கடையிலும் அப்போது சோறு கிடையாது. ஆற்று மீன் குழம்பு, கிழங்கு ரொட்டி, வறுத்த சோளத்தில் காப்பி. எப்போதாவது கம்பத்தில், அதாவது மலாய்க்காரர்கள் கிராமத்தில், மாடு அறுத்தால் எலும்பு வாங்கிவந்து சூப் வைப்பார். மூன்று தடவை கொதித்து, மனிதன் உறிஞ்ச இனி ஒன்றும் இல்லை என்று ஆன எலும்பு, அதில் ஒட்டிய ஜவ்வு, மீன் தலை, குடலைச் சுத்தம் செய்யும்போது சுரண்டி எறிவது. இவற்றை வேகவைத்துத் தருகிறேன் என்றார். யார் வாயிலிருந்தும் பிடுங்கி அந்த நாய்க்குப் போடவில்லை என்பதைச் சுங்கை பட்டாணி வாசகருக்கு இங்கே சொல்லிவிடுகிறேன்.

இரண்டு நாள் என் வீட்டுக்காரர் எதிர்ச்சாரிப் பக்கமே திரும்பவில்லை. மூன்றாம் நாள் ஒரு பலகையைக் கொண்டுவந்து, கடைக்கு முன்னால் ஓடிய லொங்காங்கின் மேல் போட்டார். சாக்கடைக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர்.

"இந்தப் பக்கம் சைவம். அந்தப் பக்கம் நடக்கிறது எனக்குத் தெரியாது" என்றார்.

அப்புறம் நடந்த கூத்தைத் தெருவே வேடிக்கை பார்த்தது. காதர் நானா நாயிடம் நெருங்க மாட்டார். நான் கறியைத் தொட மாட்டேன். அவர் ஒரு பழைய பால் டின்னில் கம்பி கட்டி, நீளமான கொம்பின் நுனியில் மாட்டி, ரோட்டின் நடுப்பாதி வரைக்கும் நீட்டுவார். நான் இடுக்கியால் டின்னைப் பிடித்து, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, லொங்காங்குக்கு வெளியே கமுகு மட்டையில் கவிழ்ப்பேன். நாய் பலகையில் ஏறிப்போய்த் தின்றுவிட்டு, திரும்பி வந்து இந்தப் பக்கம் கஞ்சியைக் குடிக்கும். எல்லையை அது ஒரு நாளும் மீறியதில்லை.

கேலி பேசியவர்கள் உண்டு. மனிதனுக்கே வழியில்லாதபோது நாய்க்கு விருந்தா என்று கரித்துக் கொட்டியவர்களும் உண்டு. என் பங்குக் கஞ்சியில்தான் அதற்கு ஊற்றினேன். நானும் அப்போது நோஞ்சான்தான். ஆனால் யாராவது ஒரு சொல் சொன்னால் அன்றைக்கு இன்னொரு சிரட்டை கூட ஊற்றுவேன். அப்படி ஒரு பிடிவாதம்.

பின்னங்கால் தொடையில்தான் முதலில் சதை தெரிந்தது. பிறகு முடி மினுங்கியது. சொறி இருந்த இடமெல்லாம் வேப்பிலை அரைத்துத் தேங்காயெண்ணெயில் குழைத்துத் தடவினேன். தராசு இருபத்தெட்டு காட்டியது. அப்புறம் முப்பதைத் தாண்டியது.

மூன்று கல் அடுப்பு

மழை நடுவில் காதர் நானா மலேரியாவில் படுத்துவிட்டார். அதற்கான கொய்னா மருந்து எங்கும் கிடைக்கவில்லை. கடையைப் பார்த்துக்கொண்ட அவர் மச்சினன், கழிவை வேக வைக்க எனக்கு நேரமில்லை என்று பச்சையாகவே டின்னில் போட்டு நீட்டினார். பச்சையாகப் போட்டால் மறுபடியும் பூச்சி. போடாவிட்டால் ஏறிய சதை இறங்கும்.

ஒரு முழு நாள் டின்னைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மறுநாள் லொங்காங்குக்கு அந்தப் பக்கம் மூன்று கல்லைக் கூட்டி, உடைந்த சட்டி ஒன்றை ஏற்றினேன். ஜவ்வை என் கையால் பிடித்து என் கையால் அறுத்தேன். முதல் தடவை வாந்தி எடுத்தேன். இரண்டாம் தடவையும் எடுத்தேன். பிறகு பழகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். வாந்தி வரவில்லை, அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரர் கடைக்குள்ளிருந்து பார்த்தார். திட்டவில்லை. சமையலறைக்குப் போய் அவரே கஞ்சி வைத்தார். எனக்கும் சேர்த்துத்தான் வைத்தார். நானா எழுந்து நடமாடும் வரையில் எங்கள் வீட்டு அடுப்பை அவர்தான் பார்த்துக்கொண்டார். உப்பு மட்டும் ஒரு நாளும் சரியாக இருந்ததில்லை. அவரிடம் எனக்கு இருந்த மரியாதை அந்த மழையில்தான் அன்பாக மாறியது என்று நினைக்கிறேன்.

மழை விட்டபோது நாயைச் சாக்கில் வைத்துத் தூக்க என்னால் முடியவில்லை. அவரும் ஒரு பக்கம் பிடித்தார். முப்பத்தெட்டுக் கட்டி. விலா எலும்பைக் கையால் அழுத்தித் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

லாரி

ஒரு காலையில் லாரி வந்தது. நாலைந்து ஆட்கள், பக்கத்து முகாமிலிருந்து ஒரு ஜப்பான் சார்ஜன்ட், அவனுக்கு மொழிபெயர்க்க ஆபீஸ் குமாஸ்தாவான ஒரு மலாய்க்காரக் கிராணி. தெருக்கோடியிலேயே இரண்டு வேட்டுச் சத்தம் கேட்டது. நாங்கள் சின்னதுரையைக் கயிற்றில் கட்டி, வாசலில் குனிந்து நின்றோம்.

ஆட்கள் நாயைப் பார்த்தார்கள். வீட்டு நாய் என்று கையை ஆட்டிவிட்டுத் தாண்டிப் போனார்கள். எனக்கு மூச்சு திரும்பி வந்தது.

அப்போது சார்ஜன்ட் திரும்பி வந்தான். உட்கார்ந்து நாயின் தொடையைப் பிடித்துப் பார்த்தான். வாயைத் திறந்து பல்லைப் பார்த்தான். "பாகுஸ்" என்றான். மலாயில் நன்றாயிருக்கிறது என்று அர்த்தம். முகாமில் காவலுக்கு இந்த மாதிரி நாய்தான் வேண்டும் என்று அவன் சொன்னதாகக் கிராணி எங்களிடம் சொன்னார். கயிற்றை அவனே அவிழ்த்தான்.

மெலிந்திருந்தால் சுட்டிருப்பான். சதை போட்டதால் கொண்டுபோகிறான். இதற்கா நான் ஒரு மழைக்காலம் முழுக்க வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வளர்த்தேன் என்று என் உடம்பெல்லாம் எரிந்தது. இது என் நாய் ஐயா, துவான் துவான் என்று மலாயில் சொன்னேன். அவன் என் பக்கமே திரும்பவில்லை. என் வீட்டுக்காரர் ஒரு அடி முன்னால் வந்தார். ஓர் ஆள் அவரை நெஞ்சில் கை வைத்துத் தள்ளினான்.

எதிர்ச்சாரியில் இருந்து காதர் நானா ரோட்டைக் கடந்து வந்தார். காய்ச்சலில் உடம்பு பாதியாகி, சட்டை தொளதொளவென்று தொங்கியது. அந்தச் சார்ஜன்ட் வாரத்தில் பாதி நாள் அவர் கடை மீன் குழம்பைத்தான் தின்பான். அவர் நேரே வந்து குனிந்து, நாயின் கழுத்தை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

எத்தனை மாதம் அவர் கைச் சாப்பாட்டைத் தின்றிருக்கிறது. அந்தக் கையின் வாசனை அதற்குத் தெரியாதா? மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை நக்கித் தீர்த்துவிட்டது. அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"சாயா காசி மாக்கான், துவான்" என்றார். நான்தான் சாப்பாடு போட்டேன், ஐயா.

கிராணியின் முகத்தைப் பார்த்தேன். அவர் காதர் நானாவின் தொப்பியைப் பார்த்தார். ஈரம் சொட்டிய கையைப் பார்த்தார். அவரும் அதே மார்க்கம்; அங்கே நின்ற யாரையும்விட அந்தக் கையின் அர்த்தம் அவருக்குத்தான் தெரியும். சார்ஜன்ட் பக்கம் திரும்பி ஏதோ சொன்னார். ஜப்பான் மொழியில் என்ன சொன்னார் என்று எனக்கு அன்றைக்குத் தெரியாது. பிறகு நானாவிடம் அவரே சொன்னாராம்: 'எங்களில் ஒருவன் நாயை இப்படிப் பிடித்தால் அது அவன் பெற்ற பிள்ளை மாதிரி; பிடுங்கினால் இந்த ஆள் நாளைக்கு உங்களுக்கு உலை வைக்க மாட்டான்.'

சார்ஜன்ட் நாயையும் நானாவையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு சிரித்துவிட்டான். கயிற்றைக் கீழே போட்டுவிட்டு லாரியில் ஏறிப் போனான்.

காதர் நானா நேரே எங்கள் கடைக்குப் பின்னால் இருந்த கிணற்றடிக்குப் போனார். சட்டைக் கையைத் தோள் வரை சுருட்டிவிட்டார். நாயின் எச்சில் பட்டால் ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் குழைத்த தண்ணீரில் என்று அவர்கள் முறை. நான் வாழைமரத்தடியில் சுத்தமான மண் தோண்டிக்கொண்டு போனேன். என்னால்தானே உங்களுக்கு இந்தக் கஷ்டம் என்று சொல்ல வந்தேன்.

மண்ணை வாங்கித் தேய்த்துக்கொண்டே சொன்னார்: "இது தண்ணிய ஊத்தினா போயிடும் தங்கச்சி. அது போயிருந்தா திரும்பி வந்திருக்காது."

வாளியை நான் வாங்கிக்கொண்டேன். மிச்சத் தடவைக்கெல்லாம் நானே தண்ணீர் ஊற்றினேன்.